உத்தரவு வரும் வரை

அலுவலகக் கடிதத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: ‘மூன்று மாதங்களுக்கு, அல்லது மறு உத்தரவு வரும் வரை.’ பணியிடம் கீழக்கரை. ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒருவனை மாற்றினால் எங்கள் துறையில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ‘யார்கிட்டய்யா வாயக் குடுத்த?’ என்று மட்டும் கேட்பார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்புவது தமிழ்நாட்டு அரசாங்கம் நெடுங்காலமாகக் கைவசம் வைத்திருக்கும் தண்டனை. துறைகள் மாறலாம், காடு ஒன்றுதான்.

மதுரையில் இருந்தபடி கடிதத்தை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ‘மறு உத்தரவு’ என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள்.

“ஒங்கப்பாவுக்கும் இதேதானடா சொன்னாக.”

அப்பாவுக்கு அப்படிச் சொன்னது 1993 தீபாவளி முடிந்த கையோடு. எனக்குப் பத்து வயது. அருப்புக்கோட்டையில் எங்களுக்குக் கைத்தறி. தறிக்குழியில் காலையில் இறங்கியவர் நாடாவைக் கையில் பிடித்தபடி மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் தூக்கம் போனது. அதற்கடுத்த வாரம் பேச்சு குறைந்தது. தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், எல்லோரும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான்: “ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

அந்த ஊர்ப் பெயர் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருவரையொருவர் வைதுகொள்ள வைத்திருந்த சொல். கணக்குத் தப்பாகப் போட்டவனை எல்லாம் நாங்கள் ஏர்வாடிக்கு அனுப்பியிருக்கிறோம். இப்போது நானே டிக்கெட் எடுத்துக்கொண்டு போகிறேன் என்பதை வகுப்பில் ஒருவனிடமும் சொல்லவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலும் ஓர் ஏர்வாடி இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் பாவம், வாழ்நாள் முழுக்க ‘அந்த ஏர்வாடி இல்லீங்க’ என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் போனது அந்த ஏர்வாடிக்குத்தான். பஸ் பலகையில் ‘ஏர்வாடி தர்கா’ என்று எழுதியிருக்குமே, அது.

மதீனாவிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கரைக்கு வந்து, பாண்டிய நாட்டில் போரிட்டு, இங்கேயே அடங்கியவர் என்று சொல்லப்படும் சுல்தான் செய்யிது இப்ராகீம் ஷகீது பாதுஷா நாயகத்தின் தர்கா அது. எல்லா மதத்து ஜனமும் வரும். மலையாளம் பேசும் ஜனம் நிறைய. மனசு சரியில்லாதவர்களை அழைத்து வந்து தங்க வைப்பார்கள். எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதுஷா கனவில் வந்து ‘போகலாம்’ என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் உத்தரவு. சிலருக்கு ஒரே வாரத்தில் வந்துவிடும். சிலருக்குக் கனவிலேயே ஊசி போட்டு, ஆபரேஷனும் நடக்கும்; காலையில் வாசலில் உட்கார்ந்து தழும்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சிலர் பத்து வருஷமாகக் காத்திருப்பார்கள்.

நாங்கள் ஒரு வாரத்துக்கான துணியோடு போயிருந்தோம்.

---

இந்த முறை நான் தங்கியது ராமநாதபுரத்தில் ஓர் ஓட்டலில். பில்லை அலுவலகம் கட்டியது. முதல் வாரம் ராஜபோகம். படுக்கையை யாரோ விரித்தார்கள், துண்டை யாரோ மாற்றினார்கள். நான்காவது வாரத்தில் காலைச் சிற்றுண்டியின் முறைவைப்பு எனக்கு மனப்பாடமாகிவிட்டது: திங்கள் பொங்கல், செவ்வாய் பூரி, புதன் கிச்சடி, எந்நாளும் இட்லி. இரண்டாம் மாதத்தில், சமைக்கக்கூடாது என்று கதவில் ஒட்டியிருந்த அறையில், தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டிலில் திருட்டுத்தனமாக முட்டை அவித்தேன். மூன்றாம் மாதத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தால் பிரிக்காத குட்டி சோப்புகள் முப்பத்தியொன்று. எதற்குச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஓட்டலில் இருப்பவனுக்குச் சொந்தமாக ஏதாவது சேர்ந்தால் தேவலை என்று தோன்றும் போலிருக்கிறது.

கெட்டிலில் முட்டை உருண்ட சத்தத்தில்தான் பழைய அறை ஞாபகம் வந்தது. தர்காவுக்குப் பின்னால், நாள் வாடகைக்கு விடும் அறைகளின் வரிசை. எங்கள் அறையில் ஒரு குண்டு பல்பு, ஒரு பாய், சாவியோடு கட்டிய அரையடிக் கட்டை. சாவியைத் தொலைத்துவிடக் கூடாதாம். அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில் தொலைத்துவிடலாம். அங்கேயும் ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்று எழுதியிருந்தது. அம்மா பம்ப் ஸ்டவ்வை வராண்டாவில் வைத்துச் சமைப்பாள், சட்டப்படி அது அறை இல்லையே. பதினைந்து ரூபாய் நாள் வாடகையை மேனேஜர் தினமும் காலையில் வந்து வாங்கிக்கொள்வார். நேற்று ராத்திரி கனவு ஏதாவது வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். அக்கறையா, கணக்கா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் ஓட்டல் வரவேற்பறைப் பெண் தினமும் கேட்டாள்: “சார், உங்க எக்ஸ்டென்ஷன் கன்ஃபர்ம் ஆயிடுச்சா?”

மூன்றரை மாதம் அந்த அறையில் கழிந்தது. தினமும் தர்கா விளக்கின் எண்ணெயை வாங்கி அப்பாவின் நெற்றியில் தடவினோம். ஓதிய தண்ணீர் கொடுத்தோம். மாலை மயங்கும் நேரத்தில் முற்றத்தில் பெண்கள் தலைவிரித்துச் சுழன்று ஆடுவார்கள். சிலர் காலில் சங்கிலி இருக்கும். முதல் நாள் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் புகுந்தேன். பத்தாம் நாள் அந்தச் சங்கிலிக்காரர்களில் ஒருவரோடு கோலி விளையாடினேன். சங்கிலி எட்டும் தூரம் வரை அவர் நன்றாகவே அடிப்பார்.

அறை வராண்டாவில் பழக்கமான ஒருவர் அம்மாவுக்கு ஒரு யோசனை சொன்னார். இங்கே இப்படி ஆட்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. விட்டுவிட்டு ஊருக்குப் போய்ப் பிழைப்பைப் பாருங்கள், மாசாமாசம் மணியார்டர் அனுப்பினால் போதும். கட்டிப் போடுவார்கள், ஆனால் சோறு போடுவார்கள். நிறையக் குடும்பங்கள் அப்படித்தான் செய்தன; அவர்களைக் குறை சொல்ல நான் யார்? அம்மா அன்று சாயங்காலம் காதில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு கீழக்கரைக்குப் போனாள். வரும்போது காதில் வேப்பங்குச்சி இருந்தது, மடியில் பணம் இருந்தது. மறுநாள் வீடு தேடக் கிளம்பினோம்.

இந்த முறை வீடு தேடிய காரணத்தில் காவியம் எதுவுமில்லை. நான்கு மாதம் முடிந்ததும், ஓட்டல் பில்லை இனிமேல் கட்ட முடியாது என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. கீழக்கரையில் வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகள் பெரிது பெரிதாக இருக்கின்றன. பாதி வீடுகளில் பூட்டுத்தான் குடியிருக்கிறது, மீதி வாடகை எனக்கு எட்டாது. அலுவலகத்துப் பையன் ஒருவன் சொன்னான்: “சார், ஏர்வாடில நம்ம மச்சான் வீடு ஒண்ணு சும்மா கெடக்கு. பத்துக் கிலோமீட்டர்தான்.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். ஏர்வாடியில் வீடு பார்த்திருக்கிறேன் என்று மதுரை நண்பர்களிடம் சொன்னபோது ஒருவர் தவறாமல் எல்லோரும் கேட்டார்கள்: “எத்தன நாள்ல விடுவாங்க?”

---

அன்று வீடு பிடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. பனையோலை வேய்ந்த ஒற்றை அறை, முன்னால் ஒரு திண்ணை, தரைக்குக் கடல் மணல். வீட்டுக்காரம்மாவை அவர் பேரப்பிள்ளைகள் ‘உம்மா’ என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் அம்மாவிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

“சங்கிலி போடுவியளா?”

“இல்ல.”

“போட்டா வீடு கெடையாது, சொல்லிட்டேன். எத்தன நாளைக்கு?”

“உத்தரவு வர்ற வரைக்கும்.”

உம்மா அப்பாவை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப மாசக் கணக்காவே போட்டுக்குவோம் தாயி,” என்றார். நூற்றைம்பது ரூபாய். அட்வான்ஸ் கிடையாது. எங்கள் பெயரைக்கூட மூன்றாம் நாள்தான் கேட்டார்.

இப்போது பெயரை முதலில் கேட்டார்கள். கூடவே ஆதார் நகல், பான் நகல், இரண்டு போட்டோ. வீட்டுக்காரத் தம்பி துபாயில் இருக்கிறார். வீடியோ காலில் கழிப்பறைக் குழாய் வரை சுற்றிக் காட்டி, “அண்ணே, ஆணி மட்டும் அடிச்சிராதீய,” என்றார். ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்த ஒரு வரிக்குப் பயந்து, நூறு வருஷத்துக்கு மேலாக இந்த தேசத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் பதினோரு மாதக்காரர்களாகவே வாழ்ந்துகொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எத்தனை மாதமானாலும் பதிவு செய்யத்தான் சொல்கிறது. பதினோரு மாதம் என்ற பழக்கத்தை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை. அலுவலகம் எனக்குக் கொடுத்தது மூன்று மாதம், சட்டம் பழக்கிவிட்டது பதினோரு மாதம், உம்மா கொடுத்தது ‘மாசக் கணக்கு’. மூன்றில் நேர்மையானது எது என்று வாசகர் யோசிக்கலாம்.

குடிபோன முதல் வாரம், அன்றும் சரி இன்றும் சரி, தண்ணீரோடு முடிந்தது. ஏர்வாடியில் தண்ணீர் இரண்டு ஜாதி. உப்புத் தண்ணி கிணற்றில் கிடைக்கும். அதில் சோப்புப் போட்டால் நுரை வராது, எரிச்சல்தான் வரும். நல்ல தண்ணியைக் குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆறேழு குடம் அடங்கும் தள்ளுவண்டி உம்மாவிடம் இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போவது என் உத்தியோகம். மணலில் சக்கரம் புதையும்போது நான் முன்னால் இழுப்பேன். ஒருநாள் வண்டி திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் அப்பா தள்ளிக்கொண்டிருந்தார். வாயே திறக்கவில்லை. நான்கு மாதத்தில் அவராகச் செய்த முதல் வேலை அது. உம்மா அதைப் பாதுஷா கணக்கில் வரவு வைத்தார். அம்மா யார் கணக்கிலும் எழுதவில்லை, அன்று ஒரு குடம் கூடுதலாக வாங்கினாள்.

இப்போது காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, அதற்கு மனசு வரும் நாளில். மற்ற நாளில் இருபது லிட்டர் கேன். போன் செய்தால் வாசலில் இறங்குகிறது. தள்ளுவண்டிகள் இன்னும் சந்துகளில் நிற்கின்றன. குடங்கள்தான் பித்தளையிலிருந்து பிளாஸ்டிக்காகிவிட்டன.

அந்த வீட்டில் அம்மா எதையுமே இரண்டாவதாக வாங்கவில்லை. ஒரு சட்டி, ஒரு அகப்பை, மூன்று தட்டு. எப்போது வேண்டுமானாலும் உத்தரவு வரலாம், மூட்டை கனக்கக் கூடாது. விளக்குமாறு வாங்கவே மாட்டேன் என்றாள். விளக்குமாறு வாங்கினால் குடித்தனம் என்று ஆகிவிடும். தினமும் காலையில் உம்மாவிடம் இரவல் வாங்கி, மணல் தரையைச் சீவிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். எங்கள் ஊரில் விளக்குமாறை இரவல் கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்பார்கள். உம்மா வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனாலும் ஒரு மாதம் போனதும் அவரே சொல்லிவிட்டார்: “ஒண்ணு வாங்கித்தான் தொலையேன் தாயி. ஒங்க உத்தரவு என்ன விளக்குமாத்தப் பாத்தா பயந்து ஓடிரும்?”

சந்தனக்கூடு வந்தது. துல்கஅதா மாதம் முழுக்கத் திருவிழா; கொடியேற்றத்திலிருந்தே கூட்டம் சேரத் தொடங்கும். சந்தனக்கூடு அன்று மாவட்டத்துக்கே விடுமுறை. மின்விளக்கு ஜோடித்த கூடு ராத்திரியெல்லாம் ஊர்வலமாக வரும்; விடியற்காலையில் அடக்கஸ்தலத்தில் சந்தனம் பூசுவார்கள். ஊரில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்காது. உம்மா வந்து, “திண்ணைய விடுவமா?” என்று கேட்டார். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு குடும்பத்துக்கு எங்கள் திண்ணையைப் பத்து நாளைக்கு விட்டோம், பணத்தில் ஆளுக்குப் பாதி. அம்மா இடுப்பில் கைவைத்து நின்று அவர்களிடம் கேட்டதை நான் மறக்கவில்லை: “எத்தன நாளைக்கு இருப்பீக?”

அவர்கள் உத்தரவு என்ற சொல்லை மலையாளத்தில் சொன்னார்கள். அம்மா சமையலுக்குத் திண்ணை மூலையைக் காட்டிவிட்டு, அறைக்குள் சமைக்கக் கூடாது என்றாள்.

சந்தனக்கூடு முடிந்து சில நாளில், விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பினாள். உத்தரவு வந்துவிட்டது என்றாள். பச்சைத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி; ‘போ, வடக்கே போ’ என்று கைகாட்டினாராம். நோயாளிக்குத்தானே கனவு வரவேண்டும், கூட இருப்பவருக்கு வந்தால் செல்லுமா என்று வரிசை வீடுகளில் ஒரு சின்ன விவாதம் நடந்தது. செல்லும் என்று உம்மா தீர்ப்புச் சொன்னார். கிளம்பும்போது அம்மா அவருக்கு ஒரு புது விளக்குமாறு வாங்கிக் கொடுத்தாள். அந்தக் குடித்தனத்தில் அவள் வாங்கிய ஒரே விளக்குமாறு.

வடக்கே மதுரை இருந்தது. மதுரையில் பெரியாஸ்பத்திரி இருந்தது. அப்பா ஒரு வருஷத்தில் தறிக்குழிக்குத் திரும்பினார், சாகும் வரை நெய்தார். மாத்திரைகளையும் தர்காவில் கட்டிய கயிற்றையும் ஒரே தகர டப்பாவில் வைத்திருப்பார். எதனால் குணமானது என்று யார் கேட்டாலும் டப்பாவைக் காட்டுவார். பிற்காலத்தில் அரசாங்கம் ஏர்வாடி தர்காவிலேயே மனநல மருத்துவர்களை உட்கார வைத்து, ‘மருந்தும் பிரார்த்தனையும்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. அப்பாவின் டப்பாவை அவர்கள் பார்த்ததில்லை.

---

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தேன். ஊருக்குப் போன் செய்தேன். அப்பா பேப்பரைப் பார்த்தார், மடித்து வைத்தார், தறியில் உட்கார்ந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள். அன்று ராத்திரி வெகுநேரம் தறிச் சத்தம் கேட்டதாம். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்தக் காப்பகங்களை மூடினார்கள். அங்கிருந்தவர்களை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சட்டப் புத்தகத்தில் ஏற 2017 ஆனது. உம்மா தன் வீட்டு வாசலில் அதை 1994இலேயே அமல்படுத்தியிருந்தார்.

அந்த வீட்டை இப்போது என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓலை வீடுகள் இருந்த இடத்தில் மாடி மாடியாக லாட்ஜ்கள். ‘ஏ.சி. அறை உண்டு’, ‘குடும்பத்துக்கு மட்டும்’ என்று பலகைகள். கடற்கரைப் பக்கம் போனால் மணல்திட்டுக்குப் படகு விடுகிறார்கள். சனி, ஞாயிறுகளில் மதுரைக்காரர்கள் உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். சின்ன ஏர்வாடிப் பெண்கள் இன்னும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். தர்கா வாசலில் ஆட்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

குடிபோன இரண்டு வாரத்தில் என் வீட்டில் இருந்தவை: ஒரு கெட்டில், ஒரு பாய், ஒரு தட்டு, முப்பத்தியொரு சோப்பு. தரையைச் செய்தித்தாளால் தள்ளிக்கொண்டிருந்தேன். மாற்றல் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று நண்பர் ஒருவர் தலைமை அலுவலகத்திலிருந்து கனவு கண்டு சொல்லியிருந்தார்.

அம்மா பார்க்க வந்தாள். வாசலில் நின்று மினாரா எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தாள். “உம்மா வீட்டுலருந்து வலப்பக்கம் தெரியும்,” என்றாள். உள்ளே வந்தாள், தரையைப் பார்த்தாள், பையை வைக்காமலே வெளியே போனாள். திரும்பியபோது கையில் பூந்துடைப்பம் ஒன்று, கீழக்கரைத் தொதல் அல்வா ஒரு பொட்டலம்.

அவள் பெருக்கி முடிக்கும் வரை காத்திருந்து, முப்பது வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அம்மா, அன்னிக்கு நெசமாவே கனவு வந்துச்சா?”

தொதலை நூலால் அறுத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

“ஒனக்குப் பள்ளிக்கூடம் தொறக்க ரெண்டு வாரந்தான் இருந்துச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து, “பச்சத் தலப்பாதான் கட்டிருந்தாரு,” என்றாள்.

அன்று சாயங்காலம் போனில் அலுவலக மின்னஞ்சல் வந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன்: மேலும் மூன்று மாதங்களுக்கு, அல்லது மறு உத்தரவு வரும் வரை. அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. வாசல் மணலை ஒரு பார்வை பார்த்தாள்.

“கடைய அடைக்கிறதுக்குள்ள போயி, வாசலுக்கு ஒரு ஈக்குமாறும் வாங்கிட்டு வந்துரு,” என்றாள்.